நாய்க்கு லைஃப் ஜாக்கெட் வாங்குறீங்களா? முதுகு மேல இருக்கற கைப்பிடிய மொதல்ல பாருங்க

எங்க நாய் முறுக்குக்கு ரெண்டு வருஷத்துல ரெண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கியாச்சு, மொதல்ல வாங்குனது 45 சிங்கப்பூர் வெள்ளி, அடுத்தது 118 வெள்ளி. இந்த ரிவ்யூ ரெண்டாவதப் பத்தி, ஆனா மொதலாவது என்ன பண்ணுச்சுன்னு சொல்லாம ரெண்டாவத ஏன் நம்புறேன்னு சொல்ல முடியாது. கம்பெனி பேரு போடல, ஒரே கம்பெனியே மாடலுக்கு மாடல் வேற மாதிரி தைக்கறாங்க, அதனால எப்படித் தச்சிருக்குன்னு பாத்து வாங்குறதுக்குத்தான் எழுதுறேன்.

முறுக்கு எங்க ஊர்ல சிங்கப்பூர் ஸ்பெஷல்னு சொல்லுவோமே அந்த ஜாதி, தெருவுல பொறந்த நாட்டு நாய், வால் முறுக்கு மாதிரி சுருட்டிக்கிட்டு இருக்கும், அதான் பேரு. வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ல, வளர்க்கலாம்னு இருக்கற புராஜெக்ட் அடோர் திட்டத்துல தத்தெடுத்தோம், 17 கிலோ. எங்க கிட்ட 32 அடி பாய்மரப் படகு ஒண்ணு இருக்கு, பழசு, என் வீட்டுக்காரரும் இவரோட கூட்டாளியும் பாதிப் பாதி போட்டு வாங்குனது, மேற்குக் கரைப் பக்கம் ஒரு மரினாவுல கட்டியிருக்கு. இந்த ஜூன் லீவுல மகளையும் முறுக்கையும் கூட்டிக்கிட்டு 24 ராத்திரி படகுலயே தங்கினோம். மொதல்ல புலாவ் ஹந்து, அப்பறம் லாசரஸ், செயின்ட் ஜான்ஸ்னு தெக்குப் பக்கத் தீவுங்க, அப்பறம் ஈஸ்ட் கோஸ்ட் ஓரமா நங்கூரம் போட்டு நிக்கிற கப்பலுங்களத் தாண்டி சாங்கி, புலாவ் உபின் தீவு, திரும்பவும் அதே வழி.

ஏன் மலேசியாக் கரையோரமா மேல பினாங்கு, லங்காவி வரைக்கும் போகலன்னு நெறைய பேரு கேக்குறாங்க. போகலாம், ஆனா நாயோட திரும்பி வரும்போதுதான் பாடு. சிங்கப்பூர்ல 1953லேர்ந்து வெறிநாய்க்கடி நோய் கெடயாது, அங்க இருக்கு, அதனால தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி பெர்மிட், குவாரண்டைன்னு எல்லாத்தையும் முன்கூட்டியே செஞ்சு வச்சிருக்கணும். முறுக்க தனியா ஒரு எடத்துல அடச்சு வைக்க எனக்கு மனசு வரல, அதனால நம்ம தண்ணிக்குள்ளயே சுத்துறோம்.

சரி, மொத ஜாக்கெட். போன வருஷம், லாசரஸ் வளைகுடாவுல நங்கூரம் போட்டு நிக்கிறோம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், தண்ணி வத்தற நேரம். பக்கத்துப் படகுல ஒரு நாய் குலைச்சது, இவன் ஓரத்துல நின்னு எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான், அப்ப ஒரு ஸ்பீட் போட் வேகமா போச்சு, அது கெளப்புன அலையில படகு ஒரு சாய் சாஞ்சது, தொபுக்குனு சத்தம். ஜாக்கெட் போட்டிருந்தான், அதனால மொத நொடி எனக்கு பயமே வரல, அடுத்த நொடி பாத்தா அவன் படகுல இருந்து வெலகிப் போய்க்கிட்டே இருக்கான். நம்ம தீவுங்களுக்கு எடையில ஓட்டம் எப்படி இருக்கும்னு கரையில நின்னு பாத்தா தெரியாது. ஓதம் 3 மீட்டர் வரைக்கும் ஏறி எறங்குற தண்ணி, ரெண்டு நாட் ஓட்டம் சர்வசாதாரணம், ரெண்டு நாட்னா நொடிக்கு ஒரு மீட்டர், நிமிஷத்துக்கு 60 மீட்டர். நாய் என்னதான் காலை அடிச்சாலும் அதுக்கு எதிரா வர முடியாது.

மக அவளுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே விரல நீட்டி அவனயே காட்டிக்கிட்டு நின்னா, கண்ண எடுக்கல, இந்த ஒரு விஷயம் எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க, அலைக்கு நடுவுல நாய்த் தலை ஒரு தேங்கா அளவுதான் தெரியும், ஒரு தடவ கண்ண எடுத்தா மறுபடி கண்டுபிடிக்கறது கஷ்டம். இவரு டிங்கிய, அதான் கரைக்குப் போய்வர்ற குட்டிப் படக, எடுத்துக்கிட்டுப் போய்ப் புடிச்சாரு. குனிஞ்சு முதுகுக் கைப்பிடியப் புடிச்சுத் தூக்கறாரு, பாதி தண்ணிக்கு வெளிய வந்துட்டான், அப்ப பர்ருனு ஒரு பக்கம் கிழிஞ்சது. ஜாக்கெட் சாஞ்சு அவன் தலை தண்ணிக்குள்ள போயிருச்சு. இவரு கழுத்துத் தோலையும் வயித்து வாரையும் சேத்துப் புடிச்சு டிங்கிக்குள்ள இழுத்துப் போட்டாரு. தண்ணிய கக்கிட்டு நடுங்கிக்கிட்டே படுத்துக் கெடந்தான். ராத்திரி முழுக்க நான் அவன் வயித்து மேல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மறுவாரம் அந்த ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டு தேக்கா பக்கம் செருப்பு தைக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்டப் போனேன், தச்சுக் குடுக்க முடியுமான்னு கேக்கத்தான். அவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தங்கச்சி, நூலு நல்ல நூலுதான். துணிக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லயே, எதப் புடிச்சுக்கும்?"னாரு. அதுதான் விஷயமே. கைப்பிடிய மேல் துணியோட மட்டும் ஒரே வரி தையல்ல ஒட்ட வச்சிருக்கான். தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் நாய் கனமே தெரியாது, மிதவை தாங்கும், தண்ணிய விட்டு வெளிய வர்ற அந்த எடத்துல 17 கிலோவும், ரோமத்துல ஊறுன தண்ணியும், ஜாக்கெட் குடிச்ச தண்ணியும் மொத்தமா அந்த ஒரு தையல் மேல வந்து விழும். கடையில போட்டுப் பாக்கும்போது இது தெரியவே தெரியாது. வாங்குன கடையில போய்ச் சொன்னேன், நாயத் தூக்குறதுக்கு இல்ல அந்தக் கைப்பிடி, நடத்தறதுக்குன்னு சொன்னாங்க. அத நான் ஒத்துக்கவே மாட்டேன். முக்கால்வாசி நாய் நீந்தும், ஆனா ஒரு நாய்கூட பாய்மரப் படகோட பக்கவாட்டுல ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறி வர முடியாது, அதுக்குக் கையில ஏணியப் புடிக்கத் தெரியாது, அந்த வேலைய நம்ம கைதான் செய்யணும். அப்ப கைப்பிடிதானே ஜாக்கெட், மீதியெல்லாம் கைப்பிடி வர்ற வரைக்கும் மிதக்க வைக்கறதுதான்.

ரெண்டாவது ஜாக்கெட் எங்க பேட்டையிலயே ஒரு பெட் ஷாப்புல வாங்குனது. அங்க இருந்த அக்காகிட்ட கேட்டு ஒவ்வொரு ஜாக்கெட்டையும் உள்பக்கம் திருப்பிப் பாத்தேன், முக்கா மணி நேரம் ஆச்சு, பொறுமையா எடுத்துக் குடுத்தாங்க. இதுல என்ன வித்தியாசம்னா, கைப்பிடியும் வயித்து வாரும் ஒரே பட்டை. மேல கைப்பிடியா இருக்கறதே ரெண்டு பக்கமும் கீழ எறங்கி வந்து வயித்துக்கு அடியில பக்கிள்ல சேருது, துணி வெறும் போர்வைதான், கனம் முழுக்க பட்டை வழியா நாய் வயித்துக்குப் போகுது. பட்டை துணியோட சேர்ற எடத்துலயும் சதுரம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தச்சிருக்கு. இது ரெண்டும் இல்லன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வச்சுட்டு வந்துருங்க.

வீட்டுக்கு வந்து படகுக்குக் கொண்டுபோறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணினேன், இத எல்லாரும் பண்ணுங்க. 10 கிலோ பொன்னி அரிசி மூட்டை ரெண்ட பழைய போர்வையில சுத்தி நாய் மாதிரி உருட்டி, ஜாக்கெட்ட மாட்டி, கைப்பிடியப் புடிச்சு இருபது தடவ தூக்குனேன், மெதுவா இல்ல, வெடுக்வெடுக்குனு. அப்பறம் ஜாக்கெட்ட மட்டும் பக்கெட் தண்ணியில ஊற வச்சு, மூட்டைய பிளாஸ்டிக்ல சுத்தி, மறுபடியும் இருபது. நாயோட எடைய விடக் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சுக்கங்க. தையல் அசையல. மொத ஜாக்கெட்டுக்கு இதப் பண்ணியிருந்தா நடு ஹால்லயே கிழிஞ்சிருக்கும், அரிசியோட போயிருக்கும்.

24 நாள்ல கைப்பிடிய எவ்வளவு பயன்படுத்துனோம்னு ஒரு கணக்குப் போட்டேன். காலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ டிங்கியில எறக்கி ஏத்தணும், அதோட கேபினுக்குள்ள போற படி செங்குத்தா ஏணி மாதிரி இருக்கும், அதுல அவனால எறங்க முடியாது, அங்கயும் தூக்கித்தான் விடணும். ஒரு நாளைக்கு எட்டு தடவன்னு வச்சா கிட்டத்தட்ட 200 தடவ. இப்ப பாக்குறேன், ஒரு நூல்கூட பிரியல. ஒளியப் பிரதிபலிக்கற வெள்ளிப் பட்டை மட்டும் ஒரு ஓரத்துல உரிய ஆரம்பிச்சிருச்சு, அது எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, 118 வெள்ளிக்கு அது உரியக்கூடாது.

கலர் ஆரஞ்சு. கடையில நீலம் அழகா இருந்துச்சு, மக அதத்தான் கேட்டா, நான் விடல. நம்ம கடல் பச்சையும் சாம்பலுமா கலந்து இருக்கும், அதுல நீலத்தத் தேடிப் பாருங்க. கழுத்துல ராத்திரிக்கு ஒரு சின்ன லைட் மாட்ட வளையம் இருக்கு, அது நல்லது. தாடைக்குக் கீழ ஒரு மிதவை வச்சிருக்காங்க, மூக்க தண்ணிக்கு மேல தூக்கிக் குடுக்கும், ஆரம்பத்துல முறுக்கு அதக் கடிச்சுக் கடிச்சுப் பாத்தான், மூணாம் நாள் விட்டுட்டான்.

இந்த ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு அவன் தானா கடல்ல விழல, விழக்கூடாதுன்னுதான் நானும் வேண்டிக்கறேன், ஆனா நாங்களே ரெண்டு தடவ ஹந்து பக்கத்துல தண்ணி அசையாம நிக்கிற அரை மணி நேரத்துல எறக்கி ஏத்திப் பழகுனோம். கைப்பிடி நடு முதுகுல சரியா இருக்கறதால தூக்கும்போது தட்டையா வர்றான், தலை பக்கம் சாயறதில்ல. ஒரு கையில தூக்க என்னால முடியல, இவரால முடியுது. எனக்கு இன்னொரு கைப்பிடி பின்பக்கம் இருந்தா ரொம்ப உதவியா இருக்கும், பெரிய சைஸ்ல ரெண்டு இருக்காம், மீடியம்ல இல்ல. மீடியம் நாயத் தூக்கறவங்க எல்லாரும் பலசாலியா?

உண்மையான சோதனை ஒண்ணு வந்தது சுமத்ரா காத்துல. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் வரைக்கும் விடியறதுக்கு முன்னாடி மேற்கேர்ந்து வரிசை கட்டிக்கிட்டு வருமே அதேதான், மணிக்கு 40லேர்ந்து 80 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும். எங்க தாத்தா நாகப்பட்டினத்துக்காரரு, மேற்கேர்ந்து வர்ற காத்தக் கச்சான்னு சொல்லுவாரு, அந்த வார்த்தைதான் எனக்கு அப்ப வாயில வந்தது. காலையில நாலே முக்கால் இருக்கும், ஹந்துவுல நிக்கிறோம், கிழக்கால புக்கோம் தீவு எண்ணெய் ஆலையோட வெளிச்சம் தெரிஞ்சுக்கிட்டே இருந்தது திடீர்னு மழையில மறஞ்சிருச்சு. படகு சுத்திக்கிட்டு நங்கூரத்த இழுக்குது. இவரு முன்பக்கம் ஓடுறாரு, நான் எஞ்சினப் போட்டு சுக்கானப் புடிச்சிருக்கேன், முறுக்கு இடிச் சத்தத்துக்குப் பயந்து இவரு பின்னாலயே ஓடப் பாத்தான். மக ஒரே எட்டு, கைப்பிடியப் புடிச்சு அப்படியே கீழ உக்கார வச்சு மடியில அமுக்கிக்கிட்டா. பன்னெண்டு வயசுப் புள்ள. கழுத்துப் பட்டையப் புடிச்சிருந்தா அவன் தலைய உருவிக்கிட்டுப் போயிருப்பான், அது அவன் பழக்கம், எனக்குத் தெரியும். அரை மணி நேரத்துல காத்து அடங்கிருச்சு, அவ கையில பட்டை அழுந்துன தடம் செவப்பா இருந்துச்சு.

இங்கேயே ஒண்ணு சொல்லிடறேன், ஜாக்கெட் இருக்குன்னு நாயக் கட்டாம விடாதீங்க, கட்டுறதையும் பாத்துக் கட்டுங்க. ஜாக்கெட்டுல இருக்கற வளையம் கரையில லீஷ் மாட்டறதுக்கு, படகுல கட்டறதுக்கு இல்ல, அது சின்னது. நாங்க உள்ள தனியா ஒரு நெஞ்சு வார் போட்டு, ஜாக்கெட் முதுகுல இருக்கற ஓட்டை வழியா அதோட கொக்கிய வெளிய எடுத்துக் கட்டுறோம், கயிறு படகோட ஓரத்தத் தாண்ட முடியாத நீளம்தான் இருக்கணும். நீளமா கட்டுனா நாய் விழுந்து பக்கவாட்டுல தொங்கும், அது விழறத விட மோசம். கழுத்துப் பட்டையில கட்டவே கட்டாதீங்க. வாங்கும்போது அந்த ஓட்டை இருக்கான்னு பாருங்க, நெறைய ஜாக்கெட்டுல இல்ல.

இப்ப கொறைங்க. பெரிய கொறை சூடு. நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும், நம்ம ஊரு ஈரக்காத்துல அதுவும் சரியா நடக்காது. இந்த ஜாக்கெட் தடிப்பான நுரை, வயித்துப் பக்கம் மட்டும் வலை. வெயில்ல இருபது நிமிஷம் தாண்டுனா மூச்சு வேகமாயிரும். படகு போய்க்கிட்டு இருக்கும்போது கட்டாயம் போட்டிருப்பான், ஆனா எங்க நெழல் துணிக்கு அடியிலதான் படுக்க வைப்போம், பகல்ல நங்கூரம் போட்ட ஒடனே கழட்டிட்டு நெஞ்சு வாரோட கட்டிருவோம். மேல்தட்டுல மத்தியானம் வெறுங்கால வச்சுப் பாருங்க, நம்மளாலயே முடியாது, அவன் பாதத்துக்கு மட்டும் முடியுமா? குடிக்க நல்ல தண்ணி எப்பவும் எட்டுற எடத்துல இருக்கணும், தாகத்துல கடல் தண்ணிய நக்குனா வாந்தி, பேதி, அளவு மீறுனா உயிருக்கே ஆபத்து.

சூடு தணியட்டும்னு நான் மொத வாரம் ஜாக்கெட்ட கடல் தண்ணியில நனச்சு நனச்சுப் போட்டு விட்டேன், அது தப்பு. உப்பு காஞ்சு முன்னங்கால் அக்குள்ல ஒரசி ரெண்டு பக்கமும் புண்ணாயிருச்சு. டாக்டர் பாத்துட்டு, நல்ல தண்ணியில அலசி முழுசா காஞ்சதுக்கு அப்பறம்தான் போடணும்னாங்க. எங்க தண்ணித் தொட்டி 180 லிட்டர், மூணு பேரு ஒரு நாய், இருந்தாலும் இதுக்குன்னு தெனம் ரெண்டு லிட்டர் ஒதுக்கிட்டேன். காயறதுக்கு மழை நாள்ல ஒரு ராத்திரி முழுக்க ஆகும். அக்குள் பக்கம் விளிம்பு இன்னும் மெத்துனு தச்சிருக்கலாம்.

ஆண் நாய் வச்சிருக்கறவங்க இன்னொண்ணு கவனிங்க, பின்பக்க வயித்து வார் ரொம்பப் பின்னாடி வந்தா சிறுநீர் அதுலயே படும், இது அப்படித்தான் இருக்கு. படகு முன்பக்கம் ஒரு செயற்கைப் புல் பாய் போட்டு அதுல போகப் பழக்கியிருக்கோம், மூலையில ஓட்ட போட்டு கயிறு கட்டி கடல்ல முக்கி எடுத்தா சுத்தம். மொத தடவ படகுல தங்கனப்ப ஒரு பகல் ஒரு ராத்திரி அடக்கிக்கிட்டே இருந்தான், பாவம், கரைக்குக் கொண்டுபோனதும்தான் போனான். கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அந்தப் பாய வீட்டு பால்கனியில போட்டுப் பழக்குங்க. அவசரத்துக்கு அவன் போகும்போது பின் வாரக் கழட்டி விடறேன், அப்பறம் மறக்காம மாட்டணும்.

பக்கிள் பிளாஸ்டிக், நல்லா இருக்கு, லாசரஸ் மணல் உள்ள போனா மட்டும் பூட்டாது, தண்ணி ஊத்துனா சரியாகிடும். அங்க மணல் ஈயும் ஜாஸ்தி, அவன் வயித்துல ரோமம் கம்மியா இருக்கற எடமெல்லாம் கடிச்சு வச்சிருச்சு, சாயங்காலம் கரையில ரொம்ப நேரம் நிக்காதீங்க. 2024 ஜூன்ல பாசிர் பாஞ்சாங்ல கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, அப்பலேர்ந்து நான் எந்தக் கரையில எறக்குனாலும் அலை வந்து நிக்கிற கோட்டுல கறுப்பா ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாத்துட்டுத்தான் விடுவேன், காலை நக்குற ஜீவனாச்சே.

அளவு பத்தி: எடையப் பாத்து வாங்காதீங்க, முன்னங்காலுக்குப் பின்னாடி நெஞ்சு சுத்தளவு எடுங்க. முறுக்குக்கு 66 சென்டிமீட்டர், மீடியம் சரியா இருக்கு. பட்டைக்கு அடியில ரெண்டு விரல் போகணும், நாலு விரல் போச்சுன்னா தூக்கும்போது நாய் கீழ வழுக்கிரும். கடையிலயே மாட்டி ரெண்டு சாண் தூக்கிப் பாருங்க, அவனுக்கும் பழகும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்த ஒண்ணு அக்குள் புண்ணுக்கும் உரிஞ்ச பட்டைக்கும். டிசம்பர் லீவுக்கு மறுபடி கிளம்புறோம், அப்ப வாடைக்காத்து, சாங்கிப் பக்கம் அலை ஜாஸ்தியா இருக்கும், அதனால மேற்கிலயே நிக்கலாம்னு இவரு சொல்றாரு. அதுக்கு முந்துன வாரம் அரிசி மூட்டைய எடுத்து இதே ஜாக்கெட்ட மறுபடி தூக்கிப் பாக்கணும், உப்புலயும் வெயில்லயும் ஆறு மாசம் இருந்த நூலு. இப்ப முறுக்குக்கும் 18 கிலோ ஆயிருச்சு.